7.50 லோக்கலுக்கு முன்னால்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடும். தானாக ஓடவில்லை, ஓட வைத்திருந்தோம். 7.50 லோக்கலைப் பிடிப்பதற்காக நான் செய்த ஏற்பாடு அது. வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால் எல்லோரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். நானும் கழித்துக்கொள்வேன். ஆக, அந்தக் கடிகாரத்தால் ஒரு நிமிடம்கூட மிச்சமானதில்லை. காலையில் ஒவ்வொரு தடவை நிமிர்ந்து பார்க்கும்போதும் ஒரு கழித்தல் கணக்குதான் கூடுதலாகச் சேர்ந்தது.

குரோம்பேட்டையில் வீடு. பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் எனக்கு வேலை, கிண்டியில் ஒரு கம்பெனியில் கணவருக்கு. இரண்டு பிள்ளைகள், மாமியார். பால் காய்ச்சி, முதல் டிகாக்‌ஷன் இறக்கி, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, இட்லி வைத்து, அதற்குச் சட்னி அரைத்து, நாலு டப்பாவுக்குச் சாதமும் குழம்பும் பொரியலும் செய்து, பெண்ணுக்குத் தலை பின்னி, பையனின் பெல்ட்டைத் தேடி, மோட்டாரை அணைக்க மறந்து மொட்டை மாடியில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டு ஓடி, கடைசியில் என் புடவையை நான் கட்டிக்கொண்டதே நினைவில்லாமல் ஸ்டேஷனில் நிற்பேன்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓடியது மீட்டர் கேஜ் வண்டிதான். 2004-ல் அது முழுக்கப் போய் அகலப்பாதை வந்தது. பெட்டி பெரிதானது, நெரிசல் அப்படியே இருந்தது. காலை நேரத்துப் பெண்கள் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் நடக்காமல் போன காலைப் பொழுதெல்லாம் அங்கேதான் நடக்கும். ஒருத்தி ஈரத் தலையை உதறிப் பின்னுவாள். ஒருத்தி மடியில் கைக்குட்டையை விரித்து மல்லிகை தொடுப்பாள். பல்லாவரத்தில் ஏறும் டீச்சர் ஒருவர் கிண்டி வருவதற்குள் கந்த சஷ்டி கவசத்தை முடித்து, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவார். எனக்கு அந்தப் பெட்டியில் கிடைத்தது நிற்க ஓர் இடம். நின்றுகொண்டே, கேஸை அணைத்தேனா என்று யோசிப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் கணவர் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்தார். திருநீர்மலை தாண்டித் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்று ஒரு மையம் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான். பர்மாவின் மாண்டலேயில் பிறந்து, ஊ பா கின்னிடம் கற்று, 1969-ல் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய கோயங்காவின் முறை. கட்டணம் கிடையாது. விடிகாலை நான்குக்கு மணி அடிப்பார்கள். பேச்சு இல்லை, புத்தகம் இல்லை, எழுதக் கூடாது. முதலில் மூச்சை, பிறகு உடம்பில் எழுந்து மறையும் உணர்வுகளைப் பார்த்தபடி இருக்க வேண்டும். போய் வந்தவர் உண்மையாகவே மாறித்தான் வந்தார். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதை உதைப்பதோடு திட்டவும் செய்கிற மனிதர், உதைப்பதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பிய பின் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். இவர் சொன்னால் சொன்னபடி நடப்பவர். ஐந்தே முக்காலுக்கு முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த ஒரு மணி நேரம் வீடு எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். மிக்சி போடக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சுவிட்ச் பக்கம் போகும்போது என் கை தயங்கும். பிள்ளைகள் சாக்ஸ் எங்கே என்று கிசுகிசுப்பார்கள். மாமியார் இருமலை முந்தானையில் அடக்குவார். குக்கர் மட்டும் யாருக்கும் அடங்காமல் விசில் அடிக்கும். அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வசதியாக நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்து வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள். காலைப் பழக்கங்களைப் பற்றிப் பிற்பாடு எத்தனையோ புத்தகங்கள் வந்து குவிந்துவிட்டன. ஐந்து மணிக்கு எழு, எழுது, ஓடு, கண்ணை மூடி உட்கார் என்று சொல்கிற அவற்றில், அந்த வேறு யாரோவைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரி கிடையாது.

எங்கள் வங்கியின் பயிற்சி வகுப்பில் ஒருமுறை மன அழுத்தம் பற்றி அரை நாள் பாடம் வைத்தார்கள். வந்த இளைஞர் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்தார். முதல்முறை பார்ப்பதாக நினைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், காதருகே நசுக்கிச் சத்தம் வருகிறதா கேளுங்கள், நாக்கில் வையுங்கள், கடிக்காதீர்கள் என்றார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் வருவது இது. தீராத வலியோடு வைத்தியத்துக்கு அலைந்தவர்களுக்காக ஏற்படுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமைக் காசாளர் என் பக்கம் சாய்ந்து, “மேடம், இதையே நெய்யில வறுத்துக் குடுத்திருந்தா நானும் கவனிச்சிருப்பேன்” என்றார். சிரித்தேனே தவிர, அந்தத் திராட்சை எனக்குப் பிடித்திருந்தது. தினமும் கேசரியில் அள்ளிப் போடுகிற பொருளுக்கு இவ்வளவு மடிப்பு இருப்பதைப் பார்த்ததே இல்லை.

பாடத்தின் முடிவில் அவர் சொன்ன யோசனைதான் சரிப்படவில்லை. “நாளையிலிருந்து எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திருங்க.” பெண்கள் வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஒரு அம்மா கேட்டே விட்டார்: “அப்போ தூங்குறது எப்போ, சார்?” அதற்கு அவரிடம் ஸ்லைடு இல்லை.

அவர் சிபாரிசு செய்த புத்தகம் ஒன்றை ரயிலில் நின்றபடியே படித்தேன். வியட்நாம் துறவி திக் நியட் ஹான் எழுதியது. 1974-ல் தெற்கு வியட்நாமில் சமூக சேவையில் இருந்த சீடர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதம்தான் பிறகு புத்தகமானதாம். கைக்குழந்தையால் இரவுத் தூக்கம் கெட்டுப்போன ஒரு நண்பரின் பேச்சோடு அது தொடங்குவதைப் பார்த்ததுமே ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிப் பாத்திரம் கழுவுவதைப் பற்றி வருகிறது. கழுவி முடித்தபின் குடிக்கப் போகும் தேநீரை நினைக்காமல், கழுவுவதையே முழு மனதோடு செய் என்கிறார். ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு துறவி தானே பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இந்தப் பக்கத்தை யார் படிக்க வேண்டும், யார் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கோலம் அதுவரை மாமியாரின் வேலை. மயிலாடுதுறைப் பக்கத்துக் கை அவருக்கு. ஒரு வருஷம் மார்கழி பிறக்கும் நேரம் பார்த்து அவருக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நிலைப்படியில் ஒரு ஸ்டிக்கர் கோலம் ஒட்டினேன். மயிலாப்பூர் மாடவீதியில் விற்பார்களே, ஓட்டை போட்ட குழாய், உள்ளே மாவை நிரப்பித் தரையில் உருட்டினால் கொடியும் பூவும் தானாக விழும், அதையும் வாங்கி வந்து உருட்டினேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். “இது கோலம் இல்லம்மா, ரசீது” என்றார்.

மறுநாளிலிருந்து தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் குழாயில் எம்.எஸ். பாடிக்கொண்டிருப்பார். திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதத்தை நிறுத்தித் திருப்பாவை பாடுவார்கள். எங்கள் பிள்ளையாருக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. 1963-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டுதான் அவருக்குப் பன்னிரண்டு மாதமும்.

முதல் பாடம் தண்ணீர். பெருக்கி முடித்து வாளியிலிருந்து கையால் அள்ளித் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. ஈரம் அதிகமானால் மாவு கரைந்து கட்டி தட்டும், குறைந்தால் முதல் சைக்கிள் போகும் காற்றிலேயே பறந்துவிடும். தெளித்துவிட்டு, தரை தண்ணீரைக் குடிக்கும்வரை நிற்க வேண்டும். அந்த நிற்கிற நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய் அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வரலாமா என்று கால் பரபரக்கும். “நில்லு, தரை சொல்லும்” என்பார் அத்தை. அடுத்தது மாவு. வெள்ளைக் கல்லை அரைத்து விற்கும் மொக்குமாவு அவருக்கு ஆகாது, ரேஷன் பச்சரிசி அரைத்த மாவுதான் வேண்டும். எறும்புக்குச் சாப்பாடு என்பார். பத்து மணிக்குள் எறும்புகள் ஒரு வளைவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

பிறகு புள்ளி. எனக்கு முதலில் கொடுத்தது நேர்ப்புள்ளி, நடுவரிசையில் ஐந்து, மேலும் கீழும் மூன்று, ஒன்று. மொத்தம் 13 புள்ளிதான். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் மாவை வைத்துக்கொண்டு, நடுவிரலின் மேல் வழிய விட்டால் கம்பி வரும். சிக்குக் கோலத்தில் கம்பி எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, எதையும் சுற்றாமல் விடவும் கூடாது. ஒற்றைக் கம்பிக் கோலமானால், சுற்றியெல்லாம் வந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும்.

மூன்றாவது வளைவில் எனக்கு நேற்றைய கவுன்ட்டர் கணக்கு ஞாபகத்துக்கு வரும். டாலி ஆகாத இருநூறு ரூபாய் எங்கே போயிருக்கும் என்று ஒரு நொடி யோசிப்பதற்குள் கம்பி இடப்பக்கம் திரும்ப வேண்டியது வலப்பக்கம் போயிருக்கும். நாற்காலியிலிருந்து குரல் வரும்: “எங்க போயிட்ட?” கோலத்தைக் கேட்கிறாரா என்னைக் கேட்கிறாரா என்று புரியாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அந்த வளைவை மட்டும் திரும்பப் போடுவேன். மனசு போகும், போனது தெரிந்ததும் திட்டாமல் கூட்டி வா என்று திராட்சை கொடுத்த இளைஞரும் சொன்னார், திருமுடிவாக்கத்திலும் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோது மனசு ஓடிப்போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்திருக்கிறது. இங்கே அடுத்த புள்ளியிலேயே தெரிந்துவிடும். என்னைப் போன்ற ஆளுக்கு இதுதான் தோது. குனிந்த முதுகு, மாவுக் கை, கண்ணெதிரே எண்ணி முடிக்கக்கூடிய புள்ளிகள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்ய முடியாது.

நாத்தனார் பெண் அப்போது தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், எங்களிடமிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி. அவள்தான் வந்து சொன்னாள், அந்தக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற இருவரோடு சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார் என்று. கணினி மொழிக்கு இலக்கணம் வகுப்பது மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம், ஒரு சில விதிகளை வைத்துக்கொண்டு ஒரே இனத்துக் கோலங்களைச் சின்னதும் பெரிதுமாக உண்டாக்கிக்கொண்டே போகலாம் என்று அதில் காட்டியிருக்கிறார்களாம். அத்தை காது கொடுத்துக் கேட்டார். “நான் வேற என்ன சொல்றேன்? விதி ஒண்ணுதான். வாசல்தான் பெருசு, சின்னது” என்றார்.

மார்கழி முடிந்தது. தெருவில் பாதி வாசல்கள் பழையபடி இரண்டு இழைக்குத் திரும்பின. ஆனால் இருட்டு முடியவில்லை. சென்னையில் சூரியன் வருஷத்திலேயே தாமதமாக உதிப்பது மார்கழியில் இல்லை, தை பிறந்தபின் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான், ஆறரை மணியைத் தாண்டி. தெருவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து புள்ளி வைக்கும் அந்த நேரத்தை எனக்கு விட மனசில்லை. ஆனால் அது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காக 7.50 போய் எட்டுமணி வண்டியாகிக்கொண்டிருந்தது, வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழத் தொடங்கியது.

பேச்சைத் தொடங்கியது நான் இல்லை, அத்தை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டார். “ஏண்டா, கண்ணை மூடிக்கிட்டு உக்கார்றது தியானம்னா, கண்ணைத் தொறந்துக்கிட்டுத் தேங்கா துருவுறது என்னவாம்?” அவர் என்னைப் பார்த்தார். “நீ சொன்னியா?” என்றார். “நான் சொல்லலைங்க. ஆனா கேட்டது நல்ல கேள்விதான்” என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் தாளும் பேனாவும் எடுத்துவந்து, காலையில் ஐந்தே காலிலிருந்து ஏழரை வரை வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதினேன், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுத வேண்டி வந்தது. அதை முழுதும் படித்த பிறகு அவர் தன் உட்காருதலை இரவுக்கு மாற்றிக்கொண்டார், காலையில் அரை மணி மட்டும், அதுவும் ஐந்து மணிக்கே. டப்பா கட்டுவதும் காபியும் அவர் பொறுப்பு என்று முடிவானது.

மீதி எல்லாம் சின்னச் சின்ன வெட்டு. வாரநாளில் இட்லிக்குச் சட்னி கிடையாது, மிளகாய்ப்பொடிதான். காய் முந்தின இரவே நறுக்கி வைப்பது. பொரியலும் கூட்டும் ஒரே நாளில் வராது. புதன்கிழமை எல்லோருக்கும் தயிர்சாதம், யாரும் முணுமுணுக்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை இறங்கி வரவே இல்லை. டிகாக்‌ஷனை இரவே இறக்கி வைக்கலாமா என்று கேட்டதற்கு, “அது கசாயம்” என்றார். ஆகவே அவர் மகன் காலையில் எழுந்து பித்தளை ஃபில்டரோடு போராடினார். முதலில் சொட்டு இறங்காது, பொடியை அப்படி அமுக்கியிருப்பார். அடுத்த வாரம் தளர விட்டுத் தண்ணீராக இறங்கும். காபிப்பொடிக் கடையில் நின்று சிக்கரி எத்தனை சதவீதம் என்று விசாரிக்கிற அளவுக்குப் போனார். சிக்கரி கலந்த பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது சட்டம் என்று தெரிந்துகொண்டு வந்து எங்களுக்கும் சொன்னார். கடைசியில் எண்பதுக்கு இருபது என்று நிலைத்தார். சமையலறைக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தவரும் அவர்தான். உள்ளதை உள்ளபடி பார் என்று கற்றுக்கொண்டு வந்தவன் பொய் நேரம் பார்க்கக் கூடாதாம்.

எல்லா நாளும் நடந்தது என்று சொன்னால் பொய். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலே இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இரண்டு இழையோடு ஓடியிருக்கிறேன். மாதத்தில் மூன்று நாள் வாசல் பக்கம் வரக் கூடாது என்று ஆரம்பத்தில் அத்தை ஒரு சட்டம் வைத்திருந்தார். பேத்தி வளர்ந்து, ஏன் என்று கேட்ட நாளிலிருந்து அது பேச்சில்லாமல் போய்விட்டது. திவசத்தன்று காரியம் முடியும்வரை கோலம் இல்லை. துக்க வீட்டில் கோலமே இல்லை. அத்தை போனபோது எங்கள் வாசல் வெறுமனே கிடந்தது. அந்த நாட்களில் விடிகாலையில் விழிப்பு வந்து, வாளியை எடுக்கக் கை போய், பிறகு ஞாபகம் வந்து நிற்கும். தெருவில் போகிறவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

செல்போன் வந்த பிறகு இந்த இருபது நிமிடத்துக்கு இன்னொரு மதிப்பும் கூடியது. மாவுக் கையால் அதைத் தொட முடியாது. குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் எல்லாம் கூடத்தில் வந்து குவிந்து கிடக்கும், கை கழுவின பிறகுதான் பார்ப்பேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலை முழுக்க நம்முடையது என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. பிடிக்க வண்டி இல்லாததால் வாசலுக்கு வருவது ஏழாகி, எட்டாகி, ஒருநாள் வெயில் முதுகைச் சுட்டபோது ஒன்பது. புள்ளி வைக்கும்போதும் பாதியில் எழுந்து எதிர்வீட்டம்மாவோடு பேசிவிட்டு வருவேன். கோலம் கோணலாக வரும். எத்தனை வருஷம் 7.50-ஐத் திட்டியிருக்கிறேன்! என் காலையைச் சுற்றி வேலி கட்டி வைத்திருந்தது அந்த வண்டிதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது எங்கள் வேலி எதிர்வீட்டுப் பெண். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ கம்பெனியில் வேலை, ஆறேமுக்காலுக்குக் கேப் வந்து ஹாரன் அடிக்கும். தலை ஈரத்தோடு ஓடிவந்து ஏறுவதற்குள் எங்கள் வாசலை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வாள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது கணவர் வைத்த கெடு. ஆம், அவரும் வாசலுக்கு வந்துவிட்டார். கம்பி இழுக்க அவருக்குக் கை படியவில்லை, புள்ளி மட்டும்தான். போன மார்கழியில் துணிந்து பதினைந்து புள்ளி இடைப்புள்ளி எட்டில் நிறுத்துகிற கோலத்தை எடுத்துக்கொண்டார். நடுவில் 15, இரண்டு பக்கமும் ஒன்றொன்றாகக் குறைந்து 8, மொத்தம் 169 புள்ளி. பள்ளிக்கூட அடிஸ்கேலை வைத்து அளந்து வைக்கிறார். வைத்து முடித்ததும் முதலிலிருந்து எண்ணுவார். 169 வந்தால் என்னிடம் தருவார். 168 வந்தால், கேப் ஹாரன் அடித்தாலும் சரி, விட்டுப்போன புள்ளி எது என்று தெரியும்வரை நான் மாவுக் கிண்ணத்தோடு ஓரமாக நிற்க வேண்டியதுதான். சண்டையெல்லாம் கோலம் முடிந்து, காபி இறங்கின பிறகு.